சுவர் இல்லாத கதவு

"ஹலோ... ஹலோ, ஏங்க, கேக்குதா? ... நான் தான், ஹேமா. ... ஆமா, ஆமா, மேடைக்குப் பின்னாடி தான் நிக்கறேன், சத்தமா பேச முடியாது. ... ஒண்ணும் ஆவல. யாருக்கும் ஒண்ணும் ஆவல. மொதல்ல அந்த கிரைண்டர ஆஃப் பண்ணுங்க, நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கல. ... ஆங். இப்ப சொல்லுங்க, அந்தக் கதவோட சாவி எங்க?"

கேட்டுவிட்டு, சிரிப்பு வெளியே வராமலிருக்க ஹேமாவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தாம்பரத்தில் அந்தப் பள்ளி அரங்கத்துக் கடிகாரம் ஐந்தேகால் காட்டியது. ஆறரைக்கு நாடகம். மேடை நடுவில், மகள் கோகிலவாணி கேட்டாள் என்று ஹேமாவதியின் புருஷன் குமரேசன் திருமுடிவாக்கத்துப் பட்டறையில் செய்து அனுப்பிய இரும்புக் கதவு, நிலையோடு கம்பீரமாக நின்றது. பூட்டிக்கொண்டு நின்றது.

"... உங்க பேன்ட் பாக்கெட்லயா? அங்க எதுக்குங்க அது? ... தெரியும், தெரியும், பதினெட்டு வருஷமா பாக்கறேன். கதவு லோடுல போனாலும் சாவி லோடுல போவாது, ஆர்டர் குடுத்த பார்ட்டி கையில நீங்களே தான் குடுப்பீங்க. நல்ல பழக்கம் தான், யாரு இல்லன்னா? ஆனா இது நாடகத்துக் கதவுங்க. ... அட்டையில பண்ணிக் குடுங்கன்னு தான அவ கேட்டா? ... சரி, உங்களுக்கு அட்டையில பண்ண வராது. ஒத்துக்கறேன். காலைல எட்டு பசங்க சேந்து எறக்கனாங்க, தெரியுமா. பட்டறைல இருந்து கூட வந்த சின்னப்பன் ஓரமா நின்னு ஆயுத பூஜைக்கு வந்தவன் மாதிரி பாத்துக்கினு இருந்தான். ... இன்னாது? பின்னாடி போய் ஸ்க்ரூவ கழட்டறதா? ஸ்க்ரூ தலைய எல்லாம் நீங்க தான் வெல்டு வெச்சு மூடியிருக்கீங்க. ... திருடன் கழட்டிருவானா? ஏங்க, அந்தக் கதவச் சுத்தி செவுரே கெடையாது. திருடன் பக்கத்தால நடந்து போவான்."

இதற்குமேல் அடக்க முடியவில்லை அவளால். தோள் குலுங்கச் சிரித்தாள். ஆனாலும் காலையிலிருந்து ஒரு விஷயம் அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. இட்லி சாப்பிடும்போதே குமரேசன் சொல்லிவிட்டான், நாடகம் பார்க்கவெல்லாம் தனக்கு நேரமில்லை, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு டெலிவரி இருக்கிறது என்று. வாணி தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தலையை வாரப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பெற்றவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

"... ட்ராமா வாத்தியாரு ஷ்யாம்சுந்தர் சாரா? அவரு எதுலயும் கை வெக்க மாட்டாரு. ரெண்டு மாசமா பசங்களே தான எல்லாம் பண்றாங்க, லைட்டு, துணிமணி, மேடை எல்லாம். அவரு மூணாவது வரிசையில கைய கட்டிக்கினு உக்காந்திருக்காரு. கதவு தெறக்கல சார்னு போய்ச் சொன்னேன். மேடைக்கு வாணி தான் பொறுப்பு, அவள கேளுங்கன்றாரு. ... நம்ம வாணி தாங்க, வேற எந்த வாணி?

"... அழுவாளா? அதான் இல்ல. வூட்டுக்கு யார்னா வந்தா பேரக் கூட சொல்லாம கிச்சன்ல போய் நின்னுக்குவாளே, அவளாங்க இவ? காதுல மைக்க மாட்டிக்கினு இருபத்திரெண்டு பசங்கள மேய்க்கறா. அந்த பத்ரி பையன், ஆறடி இருப்பான், அவன் தான் வூட்டு ஓனரா நடிக்கறான். வசனம் மறந்துபோச்சுன்னு வெளிறிப் போய் நின்னான். இவ போயி தண்ணி குடுத்து, மொத வரிய மட்டும் சொல்லு, மீதி தானா வரும்னு சொன்னா. வந்துச்சுங்க. என்கிட்ட அப்டி ஒருத்தர் சொல்லியிருந்தா நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருப்பேன். ... சிரிக்காதீங்க.

"... ஆரம்பிச்சுட்டீங்களா அவ கணக்கு மார்க்க. மேடைக்கு அளவு போட்டது யாருன்றீங்க? அடிக்கு அரை இஞ்சுன்னு நோட்ல வரைஞ்சு, தரையில டேப் ஒட்டி... ஆமா, நீங்க சொல்லித் தரேன்னு ஒக்காந்து ஸ்கேல தூக்கிப் போட்டீங்களே, அதே கணக்கு தான். ... நானா? எனக்கு வேட்டி அயர்ன் பண்ற வேலை. 'ஹேமாவதி, அஞ்சு மணி'ன்னு எழுதி செவுத்துல ஒட்டியிருக்கா, அம்மான்னு கூட போடல. நாலு அம்பதுக்கே முடிச்சுட்டேன். வந்து பாத்து டிக் போட்டா. அந்த டிக்குக்கு எனக்கு அவ்ளோ சந்தோசம்ங்க.

"... சரி, சரி, விஷயத்துக்கு வரேன். வாடகைக்கு வூடு தேடி அலையற குடும்பத்துக் கதை இது. பதினோரு தடவ அந்தக் கதவு தெறக்கணும். தெறக்கலன்னா கதையே இல்ல. சாவிய எடுத்துக்கினு வாங்க. ... இன்னாங்க? சின்னப்பன் கிட்ட குடுத்து அனுப்பறீங்களா?"

ஹேமாவதியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்து மேடையில் வாணி ஸ்பேனரோடு நிலைக்குப் பக்கத்தில் குந்தினாள். பூட்டின் நாக்கு போய் மாட்டுகிற பட்டை நிலையில் இருந்தது. அதில் இரண்டே போல்ட். எல்லாவற்றையும் வெல்டு வைத்து மூடிய அப்பா, அந்த இரண்டை மறந்துவிட்டிருந்தார். கழற்றினாள், பட்டையையும் போல்ட்டையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள், ஒரே விரலால் கதவை இழுத்தாள். சத்தமே இல்லாமல் திறந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, 'முடிஞ்சுது, அப்பா வர வேணாம்' என்று கையாலேயே சொன்னாள். சொல்லிவிட்டு லைட் பையனிடம் போய்விட்டாள்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் காகிதம் ஒட்டியிருந்ததை ஹேமாவதி அப்போதுதான் கவனித்தாள். 'கதவு: குமரேசன்' என்று மகளின் சாய்ந்த எழுத்து. திறந்து கிடந்த கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

"... ஹலோ... இருக்கேன், இருக்கேன். ... இல்லீங்க, இன்னும் தெறக்கல. ... ஆமா, ஆமா, பூட்டிக்கினு தான் கீது. அசையக் கூட மாட்டேங்குது, யாரு வேலை அது? ... வேணாம், சின்னப்பன் வேணாம். ... ஏன்னா, பதினெட்டு வருஷப் பழக்கத்த இன்னைக்கு வுட்டுருவீங்களா? பார்ட்டி கையில நீங்க தான சாவி குடுக்கணும். ... பார்ட்டி யாரா? உங்க பொண்ணு தாங்க பார்ட்டி."

ஹேமாவதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"... ஹலோ? ... லைன்ல கீறீங்களா? ... இன்னா சத்தம் அது, ஷட்டரா? ... டெலிவரி? ... ஆங், நாளைக்கு, நாளைக்கு. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ... சட்டையில கிரீஸா? இருந்தா இருக்கட்டும், அதோடயே வாங்க. ஜிஎஸ்டி ரோடு வேணாம், அவுட்டர் ரிங் ரோட்ல ஏறி முடிச்சூர்ல எறங்கிடுங்க. ... ஹெல்மெட்டு. ... கதவா? சொன்னேனே, அப்டியே தான் பூட்டி..."

பின்னால் பத்ரி ஒத்திகைக்காகக் கதவைத் திறந்து, வீட்டுக்காரன் கோபத்தோடு டமார் என்று அறைந்து சாத்தினான்.

"... அது... அது வேற கதவுங்க. வெக்கறேன், பாத்து வாங்க."

லைனைக் கட் பண்ணிவிட்டு, செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் மேடைக்கு ஓடினாள்.

"வாணி, அந்தப் பட்டைய திருப்பி மாட்டுடி. அப்பா சாவி எடுத்துக்கினு வராரு."

வாணி அம்மாவைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். காதிலிருந்த மைக்கில், "எல்லாரும் கதவ வுட்டு தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டுக்குள் கையை விட்டாள்.