நான் ஏழையாக இருந்த காலம்

ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பணத்தில்தான் வந்து நிற்கும். திண்டிவனத்தில் நான் கணக்கு எழுதிய மல்லாட்டை மண்டியிலும் அப்படித்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. எடை போடுகிற சின்னதுரைக்கு வாடகை பாக்கி. வேர்க்கடலை மூட்டை தைக்கிற பச்சைமுத்துவுக்கு மகள் கல்யாணக் கடன். யுத்தத்தில் அரிசி விலை ஏறிய பிறகு வேறு பேச்சே கிடையாது.

என் முறை வந்தபோது என்ன சொல்வது? வளவனூரில் அறுபது காணி நஞ்சை, விழுப்புரத்தில் இரண்டு வீடு, பொழுது போகாமல் வேலைக்கு வருகிறேன் என்றா? கஷ்டப்படுகிறவர்கள் நடுவில் அது நாகரிகமில்லை. "எனக்கும் இழுபறிதான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குக் கிடைத்த அன்பு, அறுபது காணிக்கும் கிடைத்ததில்லை. சின்னதுரை தன் கேப்பைக் களியில் பாதியைப் பிட்டு என் பக்கம் தள்ளுவான். "இன்னா சீனு, எளைச்சிக்கினே போறியே" என்பான். மறுத்தால் வருத்தப்படுவான் என்று தின்றேன். ஒருநாள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். மறுநாள் பத்து ரூபாயை என் கையில் திணித்தான். அவன் பெண்டாட்டி கெங்கம்மாளின் கம்மலை அடகு வைத்த பணம். அம்மா சௌக்கியமாகத்தான் இருந்தாள். கொடுக்கிறவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

போன தை மாதம் முதலாளி சரக்குப் பார்க்க அவனை வளவனூருக்கு அனுப்பினார். அன்று எங்கள் களத்தில் நெல்லடிப்பு. குடை நிழலில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருக்க, ஆட்கள் "சின்ன எஜமான்" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னதுரை வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் கிடங்கில் தனியாக வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யாருக்கும் சொல்ல மாட்டேங்க. நீங்க அந்தப் பத்து ரூபாய மட்டும் குடுத்துட்டா கம்மல மூட்டுக்குவேன். அவ கேட்டுக்கினே இருக்கா."

பணமா பெரிது? சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த 'நீங்க'தான் தாங்கவில்லை. இனி களி வராது. அவன் வாயை மூடினாலும், அப்படிக் குனிந்து நின்றாலே மற்றவர்களுக்கு விளங்கிவிடும்.

"தர்றேன். அந்த அடி மூட்டை ஒழுகுது, மொதல்ல அதப் பாரு" என்றேன். குனிந்தான். இரண்டாள் உயரத்துக்கு அடுக்கிய மூட்டைகளில் பின்புறமாக ஏறி, மேல் வரிசையைக் காலால் தள்ளினேன்.

கீழேயிருந்து "சீனு" என்று குரல் வந்தது. பழையபடி கூப்பிட்டானே என்று ஆறுதலாக இருந்தது. அடுத்த வரிசையையும் தள்ளினேன்.

விபத்து என்றார்கள். மூட்டை அடுக்கின் மேலே கிடைத்த செருப்பு என்னுடையதுதான். அறுபது காணிக்காரன் ஓர் எடைக்காரனைக் கொல்ல என்ன காரணம் என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன்.

கெங்கம்மாளுக்காகப் பச்சைமுத்து துண்டேந்தி வந்தபோது நானும் எட்டணா போட்டேன். அதை எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்து, "ஒன் நெலம எங்களுக்குத் தெரியாதா? வச்சிக்க" என்றான்.

வாங்கிக்கொண்டேன். அப்படிப்பட்டவர்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை, ஐயா.