எர்சிலியா சாகிற காட்சி

— முதல்ல அந்த கவுனைக் கழட்டு டூலியோ. அப்புறம் பேசு.

— காலையில நீங்க செத்தீங்க எர்சிலியா அம்மா, மத்தியானம் நான் சாகணும். அதே கட்டில், அதே கவுன். மூணு வருஷமா நடக்குறதுதானே? கேமராக்காரன் கைப்பிடியைச் சுத்தத் தயாரா நிக்கிறான்.

— இனிமே நடக்காது. நான் செத்து ஊரையே அழவைப்பேன், நீ மீசையோட என் கவுனை மாட்டிக்கிட்டு அதையே செஞ்சு இளிக்கவைப்பே. போதும்டா சாமி! ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்.

— அவர் என்ன சொன்னாரு?

— மறுபேச்சே இல்லை. காலையில உன்னை வேலையை விட்டு நிறுத்தி கடுதாசியில கையெழுத்தே போட்டுட்டாரு. இந்தா, படி. படிக்கத் தெரியுமில்ல? சர்க்கஸ்ல கழுதை வாலைப் பிடிச்சுக்கிட்டிருந்தவனாச்சே.

— அம்மா, சர்க்கஸ்லயும் இனிமே சேத்துக்க மாட்டாங்க. முட்டி போச்சு. படத்துல உங்களை மாதிரியே மாடிப்படியில விழுந்து விழுந்து போனதும்மா.

— பாரு, உனக்கு அழக்கூட வரலை. நீ அழுதா எனக்கே சிரிப்பு வருது.

— திடீர்னு ஏம்மா இந்தக் கோபம்?

— நேத்து ஆல்பி தியேட்டர் வாசல்ல நின்னேன். ஆறு மணிக்கு என் படம், ஏழு மணிக்கு உன் கூத்து. நான் போனப்ப சரியா ஏழு மணி ஆட்டம். உள்ள திரைக்குப் பக்கத்துல பியானோக்காரன் என் சாவுப் பாட்டை வாசிக்கிறான், சனம் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிக்குது. உடம்பெல்லாம் எரிஞ்சுதுடா எனக்கு.

— உள்ள போய்ப் பார்க்கலையா?

— உன் மூஞ்சியை டிக்கெட் வாங்கி வேற பார்க்கணுமா? முதலாளி உள்ளதான் இருந்தாரு. சிரிச்சுச் சிரிச்சு கண்ணைத் துடைச்சுக்கிட்டே வெளிய வந்தாரு.

— அப்பவே கேட்டீங்களா, என்னை அனுப்பச் சொல்லி?

— அங்கயே, வாசல்லயே. உடனே சரின்னாரு. என் கையைப் பிடிச்சு முத்தம் வேற குடுத்து, "நீங்க ஒருத்தர் போதும் எனக்கு"ன்னாரு. ஏன்டா முழிக்கிறே?

— ஒண்ணுமில்லைம்மா. இந்தாங்க கவுன். என் படம் தியேட்டருக்கே போகலை. ராத்திரிக் காட்சிக்கு பிலிம்ல நீலச் சாயம் ஏத்தணும்னு நேத்துலேர்ந்து பின்கட்டுல சாயத்தொட்டியில கிடக்கு.

— அப்ப ஏழு மணிக்கு ஓடினது?

— உங்க படத்தையேதான் ரெண்டாந்தடவை ஓட்டியிருக்காங்க. முதலாளிக்கு இனிமே நான் எதுக்கு? என்னைவிட நல்லா சிரிக்கவைக்கிற ஆள் கிடைச்சாச்சே.