துப்பாக்கி இல்லாத கணக்குப் புத்தகம்

அவைத்தலைவர் ஐயா கஸ்தூரிரங்கன் அவர்களே, தாயின் படத்தருகே அமர்ந்திருக்கும் மகள் நிருஜா அவர்களே, வேலைநாள் என்றும் பாராமல் நியூஜெர்சியின் எடிசன் நகரில் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, முன்வரிசையில் இருக்கும் ஆப்கானியச் சகோதரிகளே, வணக்கம். நான் நெடுஞ்செழியன், ஓய்வுபெற்ற பொறியாளன்.

அழுவதற்காக நான் இங்கே வரவில்லை. கணித ஆசிரியை ராஜராணி ஆனந்தராஜா அம்மையார் வென்றுவிட்டுப் போயிருக்கிறார்! அந்த வெற்றியைச் சொல்லவே வந்தேன்.

யாழ்ப்பாணத்துப் பள்ளியில் கணிதம் கற்பித்தவரைப் போர் துரத்தியது. 1988இல் ஒரு நிவாரண அமைப்பின் ஆசிரியையாகப் பாகிஸ்தானின் பெஷாவர் அகதி முகாமுக்குப் போனார். எல்லைக்கு அப்பால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. இந்தப் பக்கம், அதை எதிர்ப்பவர்களுக்கு ஆயுதத்தைக் கொட்டிய நாடுகள். நாம் வரி கட்டி வாழும் இந்த அமெரிக்காவும் அவற்றில் ஒன்று. அந்த ஆயுதம் யாருக்கு அதிகம் கிடைத்தது? நிதானமாகப் பேசியவர்களுக்கா? இல்லை! மதத்தின் பெயரால் மிகக் கடுமையாகப் பேசியவர்களுக்கே கிடைத்தது.

முகாம் பள்ளிக்கு வெளிநாட்டு உதவியில் அச்சான ஒரு கணக்குப் புத்தகம் வந்தது. பிரித்துப் பார்த்தால், குழந்தைகள் கூட்டவும் கழிக்கவும் துப்பாக்கிப் படங்கள், தோட்டாப் படங்கள்! அம்மையார் அதிகாரியிடம் போனார். "எண்ணுவதற்கு வேறு பொருளே இல்லையா?" என்று கேட்டார். "அச்சடித்தாகிவிட்டது" என்றார் அவர். அம்மையார் வாதாடவில்லை. ஆப்கானிய ஆசிரியை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதுளையும் ஆட்டுக்குட்டியும் எண்ணும் புதிய புத்தகத்தைப் பஷ்தோ மொழியில் கையாலேயே எழுதி முடித்தார்!

சும்மா விடுவார்களா? ஒரு நாள் துப்பாக்கியோடு நால்வர் வந்தார்கள். பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று பள்ளிக் கூடாரத்துக்குத் தீ வைத்தார்கள். அன்று வகுப்பிலிருந்து தப்பி ஓடியவர்கள் இருபத்துமூன்று பேர். மறுநாள் ஒரு வீட்டு முற்றத்தில் அம்மையார் பயந்துகொண்டே பாய் விரித்தார். வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இருபத்தாறு பேர்!

சோவியத் படை போனது. ஆயுதம் கொடுத்தவர்களும் அந்த மக்களை மறந்தார்கள். ஆயுதக் குழுக்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. அந்த இடிபாட்டில் தாலிபான் எழுந்தது. பிறகு அமெரிக்கப் படை நுழைந்தது, இருபது ஆண்டு இருந்தது, திரும்பியது. மறுபடியும் தாலிபான்! மறுபடியும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு அடைப்பு!

முற்றத்தில் படித்த அந்த இருபத்தாறு பேரில் ஒருவர் ஜர்மினா. காபூலில் தலைமையாசிரியையாக உயர்ந்தவர். 2021இல் எல்லாவற்றையும் இழந்து நியூஜெர்சிக்கு வந்து, அதற்கு முன்பே மகளோடு இங்கே குடியேறியிருந்த அம்மையாரிடம், "என் பள்ளியைப் பூட்டிவிட்டார்கள், டீச்சர்" என்று அழுதார். அம்மையார் பஷ்தோவில் கேட்டார்: "கட்டடத்தைத்தானே பூட்டினார்கள்?"

அடுத்த வாரமே பிளெய்ன்ஸ்பரோவில் நிருஜா வீட்டு பேஸ்மென்ட்டில், காபூல் பெண்பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. எனக்கும் அம்மையாரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அல்ஜீப்ரா எடுக்க ஆள் வேணும்."

"அக்கா, ரிட்டயர் ஆகி ரெஸ்ட் எடுக்கிறேன். நமக்கெதுக்கு இந்த ரிஸ்க்? என் இங்கிலீஷ் அந்தப் பொண்ணுங்களுக்குப் புரியுமா?"

"சமன்பாட்டுக்கு என்ன பாஷை? ஜர்மினா பக்கத்தில இருப்பா. நாளைக்குக் காலமை ஆறரைக்கு வாங்கோ."

போனேன். வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு வாரம் தாங்காது என்றுதான் நினைத்துப் போனேன். காபூலில் அப்போது பிற்பகல் மூன்று மணி. திரையில் முகங்கள் இல்லை. காட்டினால் ஆபத்து. பெயர்கூடச் சொந்தப் பெயர் இல்லை. ஆனால் விடைகள் வந்தன! நான் எழுதி முடிக்கும் முன்பே வந்தன!

இந்த ஜூன் மாதம் நாற்பத்தொரு பெண்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வை இணையம் வழியே எழுதினார்கள். முடிவு வந்தபோது அம்மையார் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். நிருஜா காதருகே குனிந்து, "அம்மா, நாப்பத்தொரு பேரும் பாஸ்!" என்றார். அம்மையார் ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, வென்றுவிட்டோம் என்பதை யாழ்ப்பாணத் தமிழில், "வெண்டிட்டம்!" என்று கத்தினார். தாதி பதறி ஓடிவந்தார். இரண்டாம் நாள் அம்மையார் நம்மைப் பிரிந்தார்.

தோழர்களே, இந்தப் போரில் வல்லரசுகள் வென்றனவா? துப்பாக்கிகள் வென்றனவா? இல்லை! வென்றவர் ராஜராணி அம்மையார்!

மறைவுச் செய்தி காபூலை எட்டிய ஒரே வாரத்தில் அறுபது பெண்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு பிரிவை ஜர்மினா எடுக்கிறார், மற்றொன்றை நான் எடுக்கிறேன். இயற்பியலுக்கு யார் என்று இன்று காலை நான் கேட்டபோது, "நான் வரேன்யா" என்றார் நம் அவைத்தலைவர். எழுபத்தெட்டு வயது அவருக்கு! இந்த மேடையில் அனைவர் முன்னும் உறுதி சொல்கிறோம்: கடைசிப் பெண் தேர்ச்சி பெறும்வரை இந்த வகுப்பு ஒரு நாளும் நிற்காது!