அறுபத்தொன்றாம் நம்பர் மருந்து

ஹிதாயத்துல்லா: "சகலரும் அறிவீர்! மானுட குலத்தின் பலவீனமான இதயங்கள் அனைத்துக்கும் விடிவு பிறந்துவிட்டது. சுப்பண்ணன் நிட்டிங் கம்பெனி அதிபர் திரு. சுப்பண்ணன் அவர்களின் அக்காள் மகனும், பெங்களூர் விஞ்ஞானியுமாகிய அர்த்தநாரி அவர்கள், ஒளியைப் பாய்ச்சி மருந்தைக் கண்டறிந்து, அம்மருந்தால் தம் தாயாரையே பிழைக்க வைத்த பெருமைக்கு, 1996 பிப்ரவரி 18 ஞாயிறு காலை பத்து மணிக்கு..." நோட்டீஸுல இதுக்கப்பறம் மொதலாளி பேரு இன்னும் நாலு எடத்துல வருதுங்க தம்பி. படிக்கட்டுங்களா?

அர்த்தநாரி: போதுமுங்க பாய். என்ற பேரு?

ஹிதாயத்துல்லா: ஒரு எடத்துல வருதுங்க. போட்டோவும் மொதலாளிதுதான் பெருசு.

அர்த்தநாரி: இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணச் சொல்லுங்க. என்ற போட்டோ தெரியாம போயிரட்டும்.

ஹிதாயத்துல்லா: ப்ரூப்புல ஒரு கையெழுத்துப் போட்டா பிரஸ்ஸுக்குப் போயிருவேன். காதர்பேட்டையில ஒரு செவுரு பாக்கி இருக்கக் கூடாதுன்னு உத்தரவு... ஏனுங்க, செக்கிங் டேபிள் மேல தலையச் சாச்சுட்டீங்க? கண்ணாடி சுடும். அடியில டியூப்லைட் எரியுது.

அர்த்தநாரி: சுடட்டுமுங்க.

ஹிதாயத்துல்லா: சந்தோசமா இருக்க வேண்டிய ஆளு நீங்க. உங்க மருந்து வருதுன்னு மொதலாளி சொன்னதும் உங்கம்மா தெய்வாத்தாக்கா ஆஸ்பத்திரி மாத்திரைய எல்லாம் சாக்கடையில வீசிட்டாங்க. என்ற மகன் மருந்தத் தவிர ஒண்ணும் முழுங்க மாட்டேன்னு ஒரே புடி. ஐப்பசியில கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியாம மூச்சு வாங்குச்சு. போயிருவாங்கன்னே நெனச்சோம். நீங்க பாட்டிலக் கொண்டாந்தீங்க. முந்தாநாளு அவிநாசிபாளையத்துக்குத் தனியா பஸ் ஏறிப் போயிட்டு வந்தாங்க.

அர்த்தநாரி: தெரியுமுங்க.

ஹிதாயத்துல்லா: மேடையில எங்கிட்டக் கேட்டா நான் என்ன சொல்றது? இருவது வருசமா வெளிச்சத்துல துணிய வெச்சு ஓட்ட பாக்கறவன் நானு. நீங்க எதப் பாக்கறீங்க?

அர்த்தநாரி: ஏறக்கொறைய இதே வேலதானுங்க. பணியாரக் கல்லு மாதிரி ஒரு தட்டு. தொண்ணூத்தாறு குழி. குழிக்குள்ள இதயத்தோட செல்லுங்க. ஒவ்வொரு செல்லுக்கும் சுவத்துல துளியூண்டு கதவுங்க. கதவு தெறந்தா கால்சியம் உள்ள போகும். இதயம் இன்னும் பலமா அமுக்கும்.

ஹிதாயத்துல்லா: கதவு தெறந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

அர்த்தநாரி: உள்ள ஒரு சாயம் போட்டிருப்போம். கால்சியம் பட்டா அது ஊதா வெளிச்சத்துல மின்னும். குழிக்கு ஒரு மருந்து ஊத்தோணும். எந்தக் குழி மின்னுதோ, அந்த மருந்து கதவத் தெறக்குதுன்னு அர்த்தம்.

ஹிதாயத்துல்லா: அறுபத்தொண்ணு மின்னுச்சு.

அர்த்தநாரி: பத்து நாளும் மின்னுச்சு. பத்தாவது நாளுதான் மாமாவுக்குப் போன் போட்டேன். அவரு போன வெச்ச கையோட அம்மாகிட்ட ஓடிட்டாரு. பதினோராவது நாளு... செல்லே இல்லாத வெறுங்குழியில அந்த மருந்த ஊத்துனேன்.

ஹிதாயத்துல்லா: ம்...

அர்த்தநாரி: அப்பவும் மின்னுச்சு.

ஹிதாயத்துல்லா: செல்லு இல்லீன்னா... கதவும் இல்லீங்களே?

அர்த்தநாரி: சுவரே இல்லீங்க.

ஹிதாயத்துல்லா: அப்ப மின்னுனது என்னதுங்க?

அர்த்தநாரி: அறுபத்தொண்ணு பாகு மாதிரி ஒட்டும். அதக் கலக்கற கண்ணாடிக் குச்சிய மட்டும் ஒவ்வொருக்காவும் தொடைக்கோணும். நீங்க மூட்ட கட்டி அனுப்புனீங்களே பனியன் கட் பீஸு... அதுலதான் தொடைச்சேன்.

ஹிதாயத்துல்லா: அதுலயா தொடைச்சீங்க?

அர்த்தநாரி: தொடைக்கற துணின்னா பழுப்பாத்தான இருக்கும் பாய். அது மட்டும் எப்பிடி அத்தன வெள்ள?

ஹிதாயத்துல்லா: நம்ம தம்பி லேபுக்குப் போகுது... பழுப்பா அனுப்பறதான்னு... நாந்தானுங்க ப்ளீச்சிங்ல சொல்லி, வெள்ள தூக்கிக் காட்டற வைட்னர ரெண்டு பங்கு போடச் சொன்னேன். அந்த மூலையில இருக்கற ஊதா லைட்டுல வெச்சுப் பாத்தேன். நெலா மாதிரி...

அர்த்தநாரி: மின்னுச்சு.

ஹிதாயத்துல்லா: இத்தன நாளா உங்ககிட்டச் சொல்லாம இருந்தேன். சொன்னா வேண்டாம்பீங்கன்னு. அப்ப நான் கெடுத்ததுங்களா?

அர்த்தநாரி: அந்த வைட்னரு குச்சியில ஒட்டிக் குழிக்குள்ள போயிருச்சு. வெள்ளத் துணி ஊதா வெளிச்சத்துல மின்னும்னு திருப்பூர்ல எந்தக் கொழந்தைக்கும் தெரியும். எனக்குத்தான் பதினோரு நாளு ஆச்சு.

ஹிதாயத்துல்லா: தம்பி, எனக்குத் தெரிஞ்ச நியாயம் இந்த டேபிளு ஒண்ணுதான். ஓட்ட தெரிஞ்சா செகண்ட்ஸ்னு கழிச்சுப் போடோணும். நல்ல கட்டுல சொருகுனா அது திருட்டு. இந்த நோட்டீஸும் செகண்ட்ஸுங்க. வாங்க, மொதலாளிகிட்ட நானே சொல்றேன்.

அர்த்தநாரி: லேபுல அன்னைக்கே தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேனுங்க. இங்கதான் சொல்ல முடியாது.

ஹிதாயத்துல்லா: மொதலாளி கோவிச்சுக்குவாருன்னா?

அர்த்தநாரி: கோவிச்சுக்கட்டும். சொன்னா அம்மா காதுக்குப் போகும். பாட்டில வீசிரும். ப்ரூப்பக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்.

ஹிதாயத்துல்லா: குடுக்க மாட்டேன். வீசட்டுமே. பனியன் பஞ்சு கலந்த மருந்துன்னு தெரிஞ்சும் பெத்த தாய முழுங்க விடறீங்களா? நாலு மாசமா? எனக்கு உங்களப் பாக்கவே புடிக்கலீங்க. இப்பவே ஊட்டுக்குப் போயி நானே அந்தப் பாட்டில வாங்கி வீசறேன்.

அர்த்தநாரி: உக்காருங்க பாய்.

ஹிதாயத்துல்லா: அந்தக் கண்றாவியத் தின்னுட்டு அக்கா எப்பிடித்தான் எந்திரிச்சு நடக்கறாங்களோ, அதுதான் எனக்கு வெளங்கல.

அர்த்தநாரி: அவங்க வீசுனாங்களே ஆஸ்பத்திரி மாத்திரை, அதத்தான் மறுபடியும் வாங்கி, பொடி பண்ணி, காப்சூல்ல அடைச்சு, பாட்டில் மேல அறுபத்தொண்ணுன்னு எழுதி ஒட்டுனேனுங்க.