மூன்றாவது டிக்கெட்

குமுளியிலிருந்து தேனி போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்கு அடியில் ஏதோ இரும்பைச் சுற்றிக் கிடந்த சாக்கின்மேல் நான் சுகமாகக் கால் நீட்டியிருந்தேன். அந்தச் சீட்டில் ஒரு மெக்கானிக்கும் ஒரு டிரைவரும்.

"அண்ணனுக்கும் சேத்து மூணு டிக்கெட் எடுத்தியா மாப்ள?" என்றார் மெக்கானிக்.

இருந்ததோ இரண்டு பேர்.

"எடுத்தேன் மாமா. அண்ணன் ஓட்டி உருண்டு செத்த புல்டோசர்ல திருப்புற லீவரைக் கழட்டுறப்பவே அவுக வீட்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"உன்னோடதும் பட்டாளத்துல கழிச்சுவிட்ட புல்டோசர். வேற எங்கனடா கெடைக்கும் லீவரு?"

"அதை மாட்டுனதுலேருந்து என் வண்டி இடது பக்கமே இழுக்குது. அங்கன பள்ளம்."

"அவுக ஊரும் அந்தப் பக்கந்தான். அண்ணன் சம்சாரம் தன் கையால எடுத்துக் குடுத்தா திரும்ப மாட்டுவோம்."

"குடுக்கலேன்னா?"

"வண்டி நிக்கும். உனக்கு வேலை போகும். உசுரு இருக்கும்."

மார்க்கையன்கோட்டை விலக்கில் என் காலடியிலிருந்து சாக்கை உருவினார்கள்.

"அண்ணே, ஊரு வந்துருச்சு. எறங்குங்க."

இருவரும் இறங்கினார்கள். கண்டக்டர், இன்னும் ஒருவர் இறங்கும் நேரம் படியையே பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

அத்தனை தூரமும் அண்ணன்மேல் கால் போட்டுவந்த தைரியசாலியான நான், தேனி வரைக்கும் சம்மணம் போட்டே வந்தேன்.