ஒன்பது டாலர் கருவாடு

“கடையே இல்லையே அம்மா, எந்த விலையை எழுதுறீங்க?”

“போன மாசத்து விலையையே போட்டுக்கிறேன், தெலெமாக். அடுத்த தடவை வர்றதுக்குள்ள கூரை போட்டுட மாட்டீங்களா?”

“கூரையா? மொதல்ல செவுரு வரட்டும்!”

புயல் புரட்டிப்போட்ட பெல் ஆன்ஸ் கடற்கரையில், தெலெமாக்கின் இடிந்த மளிகைக்கடை முன் நின்று அவரிடம் இப்படிப் பேசியவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இத்தீவின் விலைவாசியைக் கால்நடையாகவே கணக்கெடுத்தவரே! இன்று ஓய்வு பெறும், எங்கள் அன்பிற்கும் அச்சத்திற்கும் உரிய யூலாலி ஜோசெய்ன் அம்மையாரே, வணக்கம்!

மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று நீங்கள் வருவது தெரிந்து, அன்று மட்டும் விலையைக் குறைத்து எழுதிய கடைக்காரர்களை, புதன்கிழமை போய்ப் பிடித்த புத்திக்காரி நீங்கள். விலை மாறாத பால்மாவு டின்னை மீன்காரியின் தராசில் எடைபோட்டு, நான்கு அவுன்ஸ் காணாமற்போனதைக் கண்டுபிடித்த கண் உங்களுடையது. நீங்கள் எழுதிய எண்ணை எங்கள் அலுவலகத்தில் எவரும் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை.

அதுவே எங்கள் குற்றமும் ஆயிற்று.

மூடிய கடைக்குப் பழைய விலையை ஒரு மாதம் எழுதலாம் என்பது விதி. நீங்கள் எட்டு மாதம் எழுதினீர்கள். ‘மூடப்பட்டது’ என்று ஒரு சொல் எழுதியிருந்தால் தெலெமாக்கின் கடை பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும். அவர் மீண்டெழுவார் என்று கடைசிவரை நம்பியவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் கிழக்குக் கரை முழுவதற்கும் எங்கள் பட்டியலில் இருந்தது அந்த ஒரு கடையே. இல்லாத கடையில் கருவாடு பவுண்டு ஒன்பது டாலராகவே நின்றது. படகில் வந்த கருவாடோ பதினேழுக்கு விற்றது. விலை ஏறவில்லை என்றது எங்கள் அறிக்கை. அதை நம்பி, முதியோர் உதவித்தொகையை நான்கு டாலர் மட்டும் உயர்த்தினார்கள்.

உதவித்தொகை வரிசையில், துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஹெஸ்கெத் உங்களைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறதா? “ஒங்க புத்தகத்துல ஒம்பது டாலருக்குக் கருவாடு இருக்குதாமே! எனக்கும் ஒரு பவுண்டு வாங்கிக் குடுங்கம்மா!” வரிசையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. இந்தக் கிறிஸ்துமஸ் வரிசையில் ஹெஸ்கெத் இல்லை.

நீடு வாழ்க என்று வாழ்த்தவே எங்கள் நா கூசுகிறது. இத்தீவில் நெடுநாள் வாழ்வதற்கும் விலை ஏறிவிட்டது. ஆயினும் வாழ்த்துகிறோம்: உங்கள் முழங்கால் வலி தணியட்டும், உங்கள் ஈரப்பலா மரம் இனியொரு புயலையும் தாங்கட்டும்!

கடைக்கு நேரில் போனவரால்தான், பணியில் இருக்கும்போதுதான், படிவத்தைத் திருத்த முடியும். படிவம் மாறினால்தான் உதவித்தொகையும் உயரும். உங்கள் பணி இன்று நான்கு மணியோடு முடிகிறது. திருத்தினால் விசாரணை வரும், அது முடியும்வரை உங்கள் ஓய்வூதியம் நிற்கும் என்பதை அறிவோம். அதுவரை உங்கள் அடுப்பு எரிவது எங்கள் பொறுப்பு.

கேக்கின் அருகில் எட்டுப் படிவங்களும் உங்கள் பச்சைப் பேனாவும் வைத்திருக்கிறோம். எங்கள் அம்மையாரே, அந்த ஒன்பதை அடித்துவிட்டு, ‘மூடப்பட்டது; படகில் பதினேழு’ என்று எழுதித் தருவீர்களா?

இப்படிக்கு,
விலைப் பிரிவில் உங்களோடு நடந்தவர்கள்