ஓடு மட்டும் போதும்

குமிழி நத்தை பார்க்க ரொம்ப அழகாக இருக்கும் சார். முட்டையைச் சின்னதாக்கி, மேலே காப்பித்தூள் தெளித்த மாதிரி. உயிரோடு இருப்பவை கடலோரச் சேற்றில் புதைந்து கிடக்கும். செத்து லட்சக்கணக்கான வருடம் ஆனவை பாறைக்குள் கிடக்கும். நான் பாறை ஆள். அக்கா சேற்று ஆள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

சுண்ணாம்புக் குவாரியில் நான் ஒரு நத்தை ஓட்டைக் கண்டெடுத்தேன். ஓட்டின் நுனியில் இருக்கும் குழியைச் சுற்றி வரிவரியாகக் கோடு. வேறு எந்த இனத்திலும் அது கிடையாது. இது புது இனம், எப்போதோ அழிந்துவிட்டது, இந்தக் குவாரியைத் தவிர உலகில் எங்கும் இல்லை என்று கட்டுரை எழுதினேன். பெயரும் நான்தான் வைத்தேன். என் வயதில் அது லேசில் அமையாது.

அக்கா படித்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்.

"சட்டையைப் பாத்தே ஆளு யாருன்னு சொல்லிட்டியா? உள்ள இருந்த உடம்பு எங்கடா?"

"பாறைக்குள்ள உடம்புக்கு நான் எங்கக்கா போவேன்?"

"அப்ப வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வீட்டுக்காரர்கூட அதற்குப் பிறகு என்னைச் 'சட்டை மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிட்டார். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

பிறகு உப்பளத்துக்குப் பின்னால் இருக்கும் சேற்றிலிருந்து அக்கா உயிருள்ள நத்தைகளைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். ஓட்டில் அதே வரிக்கோடு. ஒன்றை அறுத்து, இரைப்பைக்குள் இரையை அரைக்கும் தட்டுகளை எடுத்துக் காட்டினார். எல்லாக் கடலோரத்திலும் கிடைக்கிற சாதாரண இனத்தின் தட்டுகள். கெட்டிச் சேற்றில் வளர்ந்தால் ஓட்டில் கோடு விழும், வேறொன்றும் இல்லை என்றார்.

"ஒரே ஒரு நத்தையை வச்சு நீ வச்ச பேரை அடிக்க மாட்டேன்டா. மிச்சத்தையும் அறுத்துப் பாத்துட்டுதான் எழுதுவேன்."

பெருந்தன்மை. எனக்கு அது பிடிக்காது.

மறுநாளிலிருந்து நாலு நாள் விடுமுறை. தொட்டியில் நான் விஷம் எதுவும் கலக்கவில்லை. குழாய்த் தண்ணீர்தான் ஊற்றினேன். கடல் பிராணிக்கு நல்ல தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. லீவு முடிந்து வந்தபோது உடம்பெல்லாம் கூழாகியிருந்தது. ஓடுகள் மட்டும் பளபளவென்று கிடந்தன. காற்று மோட்டார் நின்றிருக்கும் என்று அக்காவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். திரும்பவும் சேற்றுக்குப் போக வேண்டும் என்றார். நான் கூட வருகிறேன் என்றேன்.

சேற்று வேலைக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார். மற்றவர் மறுமுனையைக் கரையில் ஊன்றிய இரும்புக் குழாயில் கட்டிவிட்டு அங்கேயே நிற்பார்.

"கட்டிட்டியாடா?"

"கட்டிட்டேன்க்கா. நீங்க பாட்டுக்குப் போங்க."

ஓட்டைப் பார்த்து நம்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெகுதூரம் போய் இடுப்புவரை புதைந்துவிட்டார். கடல் ஏறிக்கொண்டிருந்தது. கயிற்றை இழுத்தார். அது முழுக்க அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரம் அந்த முனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் எதையும் எழுதல. நீ வச்ச பேரே இருக்கட்டும். யாரையாவது கூப்பிடு, தம்பி."

அதுவரை அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்கிற பெயர் எனக்கு எதற்கு? தண்ணீர் அவரை மூடும்வரை இடத்தைவிட்டு நகரவில்லை. கரையில் இருப்பவர் நகரக் கூடாது என்பதுதான் முறை.

அவர் வீட்டுக்காரர் இங்கே ஸ்டேஷனுக்கே வந்து, "நீதானேடா கூட நின்ன?" என்று கேட்டார். ஆமாம், நின்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவின் தோள்பையில் மூடிய டப்பா ஒன்று கிடைத்ததாமே. உள்ளே நத்தைகள் இருக்கும். சீக்கிரம் ஸ்பிரிட்டில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உடம்பு அழுகிவிடும். ஆய்வகத்தில் வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அங்கே எல்லோருக்கும் என்மேல் ஒரு காழ்ப்பு. பாரபட்சம் இல்லாமல் அறுத்துப் பார்க்க இனி நான் ஒருவன்தான் இருக்கிறேன் சார்.